ஹெல்பருக்கும் ஒரு கண்ணாடி

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில் லாரிப் பாடியும் இரும்புக் கூரைச் சட்டங்களும் செய்யும் ஒரு பட்டறையில், பாதுகாப்புப் பொருள்களை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு சில ஆண்டுகள் என்னிடம் இருந்தது. வாளையாற்றைத் தாண்டி வரும் கோவைக்காரர்களும், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதித் தமிழர்களும், பாலக்காட்டு மலையாளிகளும் கலந்து வேலை செய்த இடம் அது. வெல்டிங் கண்ணாடி என்றால் வெல்டருக்கு வாங்குவது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆனால் வெல்டிங் ஒளி பட்டு "கண்ணு அடிச்சிருச்சுங்க" என்று மறுநாள் விடுப்புக் கேட்டவர்களில் பெரும்பாலோர் ஹெல்பர்களாகவே இருந்தனர்.

டேக் வைக்கும் முறைதான், அதாவது முழுதாக ஒட்டும் முன் அங்கங்கே சிறு புள்ளிகளாகப் பற்றவைக்கும் முறைதான், அதற்குக் காரணம். வெல்டரின் ஒரு கையில், கருப்புக் கண்ணாடி பதித்த முகமறைப்பான ஷீல்டு இருக்கும். ஆங்கிள் எனும் L வடிவ இரும்பைச் சட்டத்தோடு சேர்த்துப் பிடித்திருக்கும் ஹெல்பருக்கோ இரண்டு கைகளும் வேலையில் இருப்பதால், முகத்தைத் திருப்பிக்கொள்வதையும் கண்ணை மூடிக்கொள்வதையும் தவிர வேறு வழியில்லை. ஒரு புள்ளிக்கு ஒரு விநாடிதானே என்று தோன்றினாலும், கண்ணை மூடுவதற்கு முந்தைய கணத்தில் விழுந்த ஒளியும், அருகிலிருக்கும் துத்தநாகம் பூசிய பளபளப்பான ஜிஐ தகட்டில் பட்டுத் திரும்பிய ஒளியும் நாள் முழுவதும் சேர்ந்துகொண்டே போகும். அதிலுள்ள புற ஊதாக் கதிர்கள் கருவிழியின் மேற்பரப்பைப் பாதித்தாலும் அப்போதே வலிப்பதில்லை. பல மணி நேரம் கழித்து, வீட்டில் படுத்திருக்கும்போதுதான், கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல உறுத்தத் தொடங்கும். உருளைக்கிழங்குத் துண்டை வைப்பதும் தாய்ப்பாலை விடுவதும் எங்கள் பக்கத்தில் வழக்கம். மூடிய கண்ணின் மேல் குளிர்ந்த ஈரத்துணி போடலாமே தவிர, கண்ணுக்குள் எதையும் ஊற்றாமல் மருத்துவரிடம் போவதே நல்லது. வலியை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை அவர் பரிசோதனைக்காக இடுவார். அதையே வாங்கி வைத்துக்கொண்டு அடிக்கடி விட்டால் கருவிழி ஆறுவது தடைபடும்.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35ஆம் பிரிவு, கண்ணுக்கு ஆபத்தான வேலையைச் செய்பவரை மட்டுமன்றி அதன் அருகில் இருப்பவரையும் சேர்த்தே மறைப்பையும் கண்ணாடியையும் பற்றிப் பேசியது. முதலாளியிடம் நான் முதலில் எடுத்துச் சொன்னது அந்தச் சொற்களைத்தான். அதன் பிறகு, பிடிப்பவருக்கும் தலையில் மாட்டும் ஷீல்டு, நடந்து போகிறவர்களுக்காக இடையில் தடுப்புத் திரை என்று கேட்டதற்கு அதிக எதிர்ப்பு வரவில்லை.

எண் கூடக் கூடக் கருமையும் கூடும் கருப்புக் கண்ணாடியில், எந்த எண் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது வெல்டிங் மின்னோட்டத்தின் ஆம்பியர். 10 கேஜ் ராடை, அதாவது 3.15 மில்லிமீட்டர் வெல்டிங் கம்பியை, 100 முதல் 130 ஆம்பியரில் ஓட்டுபவருக்கு 10 அல்லது 11ஆம் எண் பொருந்தும். 160 ஆம்பியரைத் தாண்டினால் 12 நல்லது. எரிவாயுச் சுடரால் இரும்பை வெட்டும் கேஸ் கட்டிங்குக்கு உரிய 5ஆம் எண் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மின்சார ஆர்க் வெல்டிங் செய்வதை நான் ஒருபோதும் அனுமதித்ததில்லை. எண் பொறிக்கப்படாத மலிவுக் கண்ணாடி எவ்வளவு கருப்பாகத் தெரிந்தாலும் வாங்கத் தகுந்ததன்று. கண்ணுக்குக் கருப்பாக இருப்பதாலேயே புற ஊதாவையும் அகச்சிவப்பையும் அது தடுக்கும் என்று கொள்ள முடியாது.

தானாகக் கருக்கும் ஹெல்மெட் டேக் வேலைக்கு மிகவும் உதவியது, ஏனெனில் ஷீல்டை ஏற்றி இறக்கும் தொல்லை அதில் இல்லை. தரமானவற்றில் புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் வடிகட்டி, கண்ணாடி கருத்திருந்தாலும் வெளிர்ந்திருந்தாலும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆனால் சட்டத்தின் அடியில் நுழைந்து ஒட்டும்போது குழாயோ ஆங்கிளோ, வெல்டிங் ஒளியைக் கண்டு கண்ணாடியைக் கருக்க வைக்கும் உணரியை மறைத்துவிட்டால் கண்ணாடி திடீரென்று வெளிறிவிடும். ஆகவே இரண்டு உணரிகள் உள்ளதைவிட நான்கு உள்ளதையே கேட்டு வாங்கினேன்.

கண்ணில் துகள் விழுவது பெரும்பாலும் வெல்டிங் முடிந்து ஷீல்டைத் தூக்கிய பிறகுதான். ஒட்டிய இடத்தின் மேல் படிந்த சூடான கசடைச் சிப்பிங் சுத்தியலால் தட்டும்போது அது எங்கே தெறிக்கும் என்று சொல்ல முடியாது. பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக் காற்று வீசும் மாதங்களிலோ, பத்தடி தள்ளி ஓடும் கிரைண்டரின் இரும்புப் பொடியும் கண்ணாடியின் பக்கவாட்டில் நுழைந்துவிடும். கருவிழியில் ஒட்டிய இரும்புத் துகள் விரைவிலேயே துருக்கறையை விட்டுவிடும் என்பதால், ஷீல்டுக்கு உள்ளேயும் பக்கங்கள் மூடிய வெள்ளைப் பாலிகார்பனேட் கண்ணாடி அணிய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

இவ்வளவுக்கும் இணங்கிய மூத்த மேஸ்திரி ஒருவர் 11ஆம் எண்ணை மட்டும் ஏற்க மறுத்து, "கோடே தெரியறதில்லைங்க, 9 குடுங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பழக்கம் என்றே முதலில் எண்ணத் தோன்றும். ஆனால் அவர் அளவு நாடாவைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிப்பதைப் பார்த்த பிறகு, வெளிச்சக் குறைவைவிட வெள்ளெழுத்துத்தான் அவருக்குச் சிக்கல் என்பது தெளிவாயிற்று. நாற்பதைக் கடந்த வெல்டர்கள் வெளிர்ந்த கண்ணாடி கேட்டால், அவர்கள் கண் பரிசோதனை செய்துகொண்டார்களா என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஷீல்டுக்குள் கருப்புக் கண்ணாடியின் பின்புறம் பொருத்தும் பவர் லென்ஸ் கடைகளில் கிடைக்கிறது. மருத்துவர் சொன்ன அளவில் அதை வாங்கிப் பொருத்திய பின் அவர் 11க்கே திரும்பினார். இப்போது மீனம், மேட மாதத்து (பங்குனி, சித்திரை) வெயிலில் வேர்த்து உள்கண்ணாடி மங்கிவிடுகிறது என்பதுதான் அவருடைய புகார். அதற்குக் காற்றுத் துளையுள்ள வகையை வாங்கலாமென்றால், கிரைண்டர் பொடி அந்தத் துளை வழியாகவே உள்ளே வந்துவிடும் என்று அவரே மறுக்கிறார்.