கோயாசானில் காலை நைவேத்தியம்

ஜப்பானின் ஒசாகாவில் ரயில் ஏறி, கடைசியில் கேபிள் காரில் மலையேறி இறங்கியதும் குளிர் காதைப் பிடித்தது. சுமார் 800 மீட்டர் உயரம். 816இல் குகாய் என்ற துறவிக்கு மன்னர் அளித்த மலைதான் இந்தக் கோயாசான். கோபோ தாய்ஷி என்றுதான் பக்தர்கள் அவரை அழைக்கிறார்கள். அவர் நிறுவிய ஷிங்கோன் பௌத்தத்தின் குரு பரம்பரையில் வஜ்ரபோதியும் உண்டு. காஞ்சியில் இருந்துவிட்டு 8ஆம் நூற்றாண்டில் கடல்வழியாகச் சீனா போனவர். அதைப் படித்த நாளிலிருந்தே இங்கே வர ஆசை.

சிவப்பு கோன்போன் தாய்தோ கோபுரம், கொங்கோபுஜி கோயிலின் கல் தோட்டம் எல்லாம் முதல் நாளே பார்த்தேன். நெஞ்சில் நின்றது நியோனின்தோ. 1872 வரை பெண்களுக்கு மலைக்குள் அனுமதி இல்லை. இந்தச் சிறு மண்டபத்தோடு நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் இருட்டோடு, குகாயின் சமாதி இருக்கும் ஒகுனோஇன் கிளம்பினேன். குகாய் 835இல் இறந்துவிட்டார் என்று இங்கே யாரும் சொல்வதில்லை. இன்னும் தியானத்தில் இருக்கிறார், அவ்வளவுதான். நம் ஊர் ஜீவசமாதி மாதிரி. தினமும் காலை 6 மணிக்கும் 10.30க்கும் அவருக்குச் சாப்பாடு போகிறது.

இரண்டு கிலோமீட்டர் பாதை. வானம் தெரியாத அளவுக்கு வளர்ந்த மரங்கள், இரண்டு லட்சத்துக்கும் மேல் சமாதிகள். ஒரு கல்தூண் முன்னால் நின்றேன். கீழே சதுரம், மேலே உருண்டை, அதற்கு மேல் கூம்பு, அரைவட்டம், உச்சியில் மொட்டு. நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். பாசி படிந்த கல்லில் சித்தம் என்ற பழைய இந்திய எழுத்தில் வடமொழி பீஜாட்சரங்கள். பஞ்சபூதத்தை இங்கே இப்படிப் பார்ப்பேன் என்று நினைக்கவே இல்லை.

சரியாக 6 மணிக்குத் துறவிகள் இருவர் வெள்ளை மரப்பெட்டியைத் தூக்கி வந்தார்கள். முதலில், ருசி பார்க்கும் ஜிஸோ என்ற போதிசத்துவரின் சிறு சந்நிதியில் நின்றார்கள். அவர் பார்த்த பிறகுதான் குருவுக்கு. அப்புறம் பாலத்தைக் கடந்து விளக்கு மண்டபத்துக்குள் போனார்கள். அந்தப் பாலத்துக்கு அப்பால் படம் எடுக்கக் கூடாது. தொப்பியைக் கழற்றி, கைகூப்பி, பின்னாலேயே போனேன். உள்ளே மந்திரம் ஆரம்பித்ததும் கண் கலங்கிவிட்டது.

தங்கியிருந்த கோயிலில் வெங்காயம், பூண்டு சேர்க்காத காலைச் சாப்பாடு. எள்ளில் செய்த தோஃபு வாயில் கரைந்தது. சாப்பிட்டுவிட்டு, 10.30 மணி நைவேத்தியத்துக்கு மறுபடியும் நடந்தேன்.