மேட்டு மனையும் பள்ளத்து வீடுகளும்: எல்லைச் சுவர் நாட்குறிப்பு

ஜூன் 16

பள்ளிக்கரணையில் 10 கிரவுண்ட் மனை. அடுக்குமாடிக்காகச் சவுடு மண் லாரி லாரியாக இறங்குகிறது. பின்தெருவில் எல்லாமே பழைய தனி வீடுகள். முதலில் பிடிக்க வேண்டியது மட்டம்தான். மண் முழுக்கக் கொட்டி முடித்துவிட்டால் பழைய தரை எங்கே இருந்தது என்பதற்குச் சாட்சி கிடையாது.

15 மீட்டர் டியூபில் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, சாலையின் நடுவை ஆதாரமாக வைத்து அளந்தாயிற்று. மேல் மேலாகத் தார் போட்டதால் பழைய வீடுகளின் முற்றம் சாலைக்கு 20 செ.மீ. கீழே. புதிய மண் சாலைக்கு 60 செ.மீ. மேலே. ஆக வித்தியாசம் 80 செ.மீ. குறிகளைப் பெயின்டில் போட்டு, படம் எடுத்து, இரு தரப்பும் கையெழுத்திட்டாயிற்று.

ஜூன் 21

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 10 கிரவுண்ட் 2,230 சதுர மீட்டர். மணிக்கு 50 மி.மீ. கொட்டினால் 1,11,500 லிட்டர். மனை முழுக்கக் கான்கிரீட்டானால் பத்தில் ஒன்பது பங்கு ஓடி வரும்: நொடிக்கு சுமார் 28 லிட்டர். வெறும் மண்ணாக இருந்தவரை இதில் ஒரு பங்கைத் தரையே தாங்கியது.

எல்லையோரம் 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழத்தில் கால்வாய், 500-க்கு 1 சரிவு (500 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் இறக்கம்). சுத்தமாக இருந்தால் நொடிக்கு 45 லிட்டர் வரை போகும். பாதி வண்டல் அடைத்தால் 18 தான். அதனால் அளவைவிட முக்கியம், தூக்கி எடுக்கக்கூடிய மூடிகள். மூடியைச் சிமென்ட் போட்டுப் பூசிவிட்டால் அந்தக் கால்வாயை யாரும் தூர்வார மாட்டார்கள்.

ஜூலை 9

80 செ.மீ. மண்ணைத் தாங்க 9 அங்குலச் செங்கல் சுவர் எழுப்பத் திட்டம். கூடாது. மழையில் ஊறிய மண் தள்ளும் தள்ளில் சுவர் பள்ளத்து வீட்டுப் பக்கம்தான் சாயும். ஆர்.சி.சி. (கம்பி கட்டிய கான்கிரீட்) தாங்கு சுவர் வேண்டும்.

வழக்கமாகத் தாங்கு சுவரில் வீப் ஹோல், அதாவது மண்ணில் ஊறிய நீர் வடியத் துளை, விடுவார்கள். இங்கே அந்தத் துளை ஒவ்வொன்றும் பக்கத்து வீட்டு முற்றத்தில் குழாய் திறந்த மாதிரி ஊற்றும். எனவே துளை இல்லை. மேட்டுப் பக்கம், சுவரின் அடியில் துளையிட்ட 110 மி.மீ. பி.வி.சி. குழாய், அதைச் சுற்றி 20 மி.மீ. ஜல்லி, ஜல்லிக்கு ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் வடிதுணி). குழாயின் முனை மனைக்குள்ளேயே சேம்பரில் (தண்ணீர் சேரும் சிறு தொட்டியில்). துணி போடாவிட்டால் சவுடு மண் ஜல்லிக்குள் இறங்கிக் குழாயை அடைத்துவிடும்.

ஜூலை 10

சுவர் உயரம் 6 அடி என்று எழுதினால் போதாது. பள்ளத்திலிருந்து 6 அடி என்றால் மேட்டில் நிற்பவருக்கு 1 மீட்டர்தான், இடுப்புக்குச் சற்று மேல். அங்கே நின்று பேசுபவருக்கு எதிர்வீட்டு அடுப்படி முழுசாகத் தெரியும். 'மேட்டுத் தரையிலிருந்து 6 அடி' என்று வரைபடத்திலேயே திருத்தம்.

ஆகஸ்ட் 2

கால்வாய் சேரும் தெரு மழைநீர் வடிகால் நிறைந்தால் தண்ணீர் பின்னால் ஏறும். முனையில் ஃபிளாப் வால்வு அவசியம்; தண்ணீரை வெளியே மட்டும் விடும், திரும்பி வந்தால் தானே மூடிக்கொள்ளும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மனைத் தண்ணீர் நிற்க இடம் வேண்டுமே. 30,000 லிட்டர் தொட்டி, கடும் மழையில் ஏறக்குறைய 18 நிமிடம் தாங்கும். அதற்கு மேல் பம்பு. மோட்டாருக்கு ஜெனரேட்டர் இணைப்பும் சேர்த்துக் கேட்டாயிற்று, புயல் நாளில் மின்சாரம் இருக்காது. இது களிமண் பூமி, உறிஞ்சு குழியை மட்டும் நம்ப முடியாது.

ஆகஸ்ட் 23

மறைப்புக்கு நெட்டிலிங்கம். சுவரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, 5 அடிக்கு ஒன்று. அது வளரும்வரை இடையில் நொச்சி, 2 அடிக்கு ஒன்று. கோனோகார்பஸ் சீக்கிரம் மறைக்கும், ஆனால் வேர் குழாயைத் தேடிப் போகும், வேண்டாம். இலை விழும் இடங்களில் கால்வாய்க்குக் கம்பி வலை.

செப்டம்பர் 20

12,000 லிட்டர் லாரித் தண்ணீரைக் கால்வாயின் மேல்முனையில் விட்டுப் பார்த்தோம். மூன்றாவது சேம்பருக்கு முன் நான்கு விரல் உயரம் தேங்கி நின்றது. அங்கே சரிவு திரும்பியிருக்கிறது. அந்த 4 மீட்டரை உடைத்து மறுபடி போட வேண்டும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்.