விளக்கை அணைத்த பட்டறை

தக்காளி நசுங்கியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நைட் டியூட்டி முடிந்து வந்து ரசத்துக்குத் தக்காளி நறுக்க உட்கார்ந்தேன். கத்தி தோல்மேல் வழுக்கிக்கொண்டே போனது. அழுத்தினால் சாறு தெறித்ததே தவிர துண்டு விழவில்லை. ஊரில் என்றால் "சாணை பிடிக்கிறதேய்" என்று குரல் வரும் வரைக்கும் பொறுத்திருந்தால் போதும். சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, பெடலை மிதித்துக் கல்லைச் சுழற்றி, பொறி பறக்கத் தீட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். கத்திக்கும் எஃகுக்கும் பேர்போன இங்கிலாந்து ஊரான ஷெஃபீல்டுக்கு வந்து மூன்று குளிர்காலம் ஆயிற்று. எங்கள் தெருவில் அப்படி ஒரு குரல் கேட்டதே இல்லை.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் போய், சாணை பிடிக்கிறவர் எப்போது வருவார் என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கத்தியை வாங்கினார். டீக் கோப்பை ஒன்றைக் கவிழ்த்தார். கோப்பையின் அடியில் மெருகு படாத சொரசொரப்பான வளையம் இருக்கும் அல்லவா, அதில் கத்தியைச் சாய்த்து வைத்து இந்தப் பக்கம் நான்கு இழுப்பு, அந்தப் பக்கம் நான்கு இழுப்பு. கட்டைவிரல் நகத்தில் கூர் பார்த்தார். பின்வாசல் கருங்கல் படியில் அம்மா கத்தி தேய்ப்பது அப்படியே இந்தக் கைவாகுதான். நகத்தில் கூர் பார்ப்பதும் அப்படியேதான். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ரசம் அன்றைக்கு வைக்கவில்லை.

பாட்டியின் அம்மா கத்தி, கரண்டிகளுக்கு மெருகேற்றும் வேலை செய்தவராம். தலையில் சிவப்புத் துணி, இடுப்பைச் சுற்றிப் பழுப்புக் காகிதம், முகமெல்லாம் கறுப்பு. ஒரு காலத்தில் அந்த வேலைக்குப் பெண்கள் கூட்டமாகப் போவார்களாம். "இந்த ஊரில் குடியிருந்துகொண்டு கத்தி செய்யக் கற்றுக்கொள்ளாமல் விடலாமா, லவ்?" என்றார். இங்கே எல்லோரும் எல்லோரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ் டிரைவர்கூட அப்படித்தான். முதல் வாரம் திடுக்கிட்டேன். இப்போது அந்தச் சொல் காதில் விழாத நாள் என்னவோ போல் இருக்கிறது. எங்கள் சேலத்துப் பக்கத்துக் 'கண்ணு' மாதிரி அது.

ஒரு நாள் வகுப்பு, ஒரு கத்தி, தொடக்கக்காரர்களுக்கு மட்டும். பணம் கட்டிவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டேன். "இரும்படிக்கிற எடத்துல ஈக்கு என்ன வேல கண்ணு?" என்றாள்.

ஈக்கு அங்கே வேலை இருந்தது. கஞ்சமலை தெரிகிற ஊர் எங்களுடையது. உடைந்த ஸ்பீக்கரில் இருந்து காந்தத்தை எடுத்து, கயிறு கட்டி, ஓடை மணலில் இழுத்துக்கொண்டு ஓடுவோம். தாடி முளைத்தது போலக் கறுப்பு மணல் ஒட்டிக்கொண்டு வரும். அது இரும்புத் தாது என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அந்தத் தாதுவுக்கும் ஷெஃபீல்டுக்கும் பழைய தொடர்பு இருப்பதை இங்கே வந்த பிறகுதான் படித்தேன். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் 1830 வாக்கில், சேலம் தாதுவை நம்பித்தான் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். நம் ஊர்க்காரர்கள் மண்மூசை என்கிற சின்ன மண்கலத்துக்குள் இரும்போடு ஆவாரங் கட்டையும் எருக்கிலையும் போட்டு அடைத்து, ஊதி ஊதி எஃகாக்குவதைக் கூர்ந்து பார்த்து எழுதியும் வைத்தார். பிறகு இங்கிலாந்து திரும்பி, எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். அந்த முறையால் கொழித்தது ஷெஃபீல்டு. அவருக்கு மிஞ்சியது பல வருட வழக்குதான். ஆவாரையும் எருக்கும் எங்கள் வீட்டு வேலியில் நின்றவை. அதைப் படித்த இரவு, இந்த ஊர் எனக்கு அந்நியமில்லை, பழகிவிட்டது என்று தோழிக்கு மெசேஜ் அனுப்பினேன். அனுப்பிவிட்டுத் தூங்காமல் வேலியோர ஆவாரம்பூவையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். ரயில் பாலத்துக்கு அடியில் பட்டறை. கற்றுக்கொடுத்தவர் அறுபது வயதைத் தாண்டியவர். நைலான் துணி தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும், பருத்திதான் போட்டு வர வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார். ஆளுக்கு ஒரு எஃகுப் பட்டை கொடுத்தார். 1095 என்ற ரகம், நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்றே குறைவாகக் கார்பன். கேஸ் உலையில் அது ஆரஞ்சுச் சுளை நிறத்துக்கு வந்ததும் குறட்டில் பிடித்துப் பட்டடையில் வைத்து அடிக்க வேண்டும். சிவப்பு மங்கிவிட்டால் நிறுத்திவிட வேண்டும், ஆறிய இரும்பை அடித்தால் விரிசல் விடும். முதலில் முனை, அப்புறம் வாய், அதாவது வெட்டும் விளிம்பு. வாய்ப்பக்கத்தை அடித்து மெலிதாக்க ஆக்க, அந்தப் பக்கம் நீண்டு, கத்தி வாழைப்பழம் போல வளைந்துகொண்டே போகிறது. திருப்பி நிமிர்த்த வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் செதிள் செதிளாகக் கறுப்புத் தகடு உதிர்கிறது.

சுத்தியலை இறுக்கிப் பிடிக்காதீர்கள், அதன் கனமே அடிக்கட்டும் என்றார். அந்த நிமிடம் எங்கள் ஊர் ஆசாரியம்மா கண்முன் வந்துவிட்டார். ஆசாரி குறட்டைப் பிடித்துக்கொண்டு சின்னச் சுத்தியலால் இடம் காட்டுவார். அந்த இடத்தில் சம்மட்டி இறக்குவது ஆசாரியம்மா. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருப்பார். டக், டொம். டக், டொம். சம்மட்டி அவர் கையில் பூமாலை மாதிரி ஆடும். அரிவாள் தட்டி வாங்க அப்பாவோடு போய் நிற்கிற எனக்கு, துருத்திச் சக்கரத்தைச் சுற்ற இடம் கொடுப்பார்.

ஆசாரியின் பட்டறைக்குள் எப்போதும் இருட்டு. கூரை தாழ்வு, ஜன்னல் கிடையாது, பல்பு எரியாது. பாவம், கரண்டு பில் கட்ட முடியாதவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி, கடல் தாண்டி வந்த பிறகும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோய்ச்சல் வைக்கும் நேரம் வந்தது, அதாவது காய்ச்சிய கத்தியைச் சட்டென்று ஆறவைத்துக் கெட்டியாக்கும் நேரம். கத்தியை வெதுவெதுப்பான எண்ணெயில் முக்கி எடுப்பதற்கு முன், ஆசிரியர் ஷட்டரை இறக்கி எல்லா விளக்கையும் அணைத்தார். "வெளிச்சத்தில் இரும்பின் நிறம் பொய் சொல்லும்," என்றார். உண்மைதான். பகலில் கறுப்பாகத் தெரிந்த இரும்பு இருட்டில் சிவந்து கிடந்தது. நிறத்தை வைத்துத்தான் சூட்டைப் படிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் காந்தத்தை வைத்துப் பார்க்கலாம். சுமார் 770 டிகிரியில் எஃகு காந்தத்துக்கு ஒட்டாமல் போய்விடும், அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் சூடேறியதும் எண்ணெய்க்குள் விட வேண்டும். ஓடை மணலைத் தாடி தாடியாக இழுத்த காந்தத்தை, இங்கே சிவந்த கத்தி சீந்தவே இல்லை. முனை முதலில் போகும்படி, ஆட்டாமல், நேராக இறக்கினேன். குபுக்கென்று தீ எழுந்து அடங்கியது. வெளியே எடுத்து அரத்தால் உரசினால் கண்ணாடியில் உரசியது போல வழுக்கியது. அப்படி விட்டால் கீழே விழுந்து உடைந்துவிடும் என்பதால் 200 டிகிரி அடுப்பில் இரண்டு தடவை வைத்து எடுத்தோம். வைக்கோல் நிறம் ஏறியிருந்தது.

ஆசாரியிடம் காந்தம் கிடையாது, அடுப்பில் டிகிரி கிடையாது. அந்த இருட்டும் கண்ணும்தான். அவர் காய்ச்சிக் கொடுத்த அரிவாளில் அப்பா எத்தனையோ பருவம் கரும்பு வெட்டினார். அவரிடம் நான் ஒரே ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. ஆசாரி போய்ப் பல வருடமாகிறது. பட்டறை இருந்த இடத்தில் வெல்டிங் கடை வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கத்திக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் கிடந்தது, இருந்தாலும் மனசு கேட்கவில்லை. வீடியோவில் காட்டினேன். அம்மா போனை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டி நடந்தாள். வேம்பு தெரிந்தது, வெல்டிங் கடையின் நீலக் கதவு தெரிந்தது, அப்புறம் திண்ணையில் ஆசாரியம்மா. எண்பதைத் தாண்டிவிட்டார், கண்ணாடி போட்டிருந்தார். போனை முகத்துக்கு வெகு அருகில் வைத்துக்கொண்டார்.

"திருப்பு கண்ணு. இன்னொரு பக்கம்."

திருப்பினேன்.

"தோய்ச்சல் தண்ணியிலயா எண்ணெயிலயா?"

"எண்ணெயில, ஆசாரியம்மா."

"மொனை கனமா இருக்கு. இன்னொரு காய்ச்சு காய்ச்சித் தட்டியிருக்கணும்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "தோய்ச்சல் வெக்கையில வெளக்க அணைச்சாங்களா?"

"அணைச்சாங்க."

"அப்பச் சரி," என்று போனை அம்மாவிடம் நீட்டிவிட்டார்.