தொப்பி முனகும் மேடை

யூலை 8

மேடை எழும்பிவிட்டது. நீளம் 24 அடி, அகலம் 16 அடி, நிலத்திலிருந்து 3 அடி உயரம். கீழே பனந்தீராந்தியும் சலாகையும், மேலே பிளைவூட், இடையில் வெறும் காற்று. நடுப்பகுதியில் குதிக்காலை ஊன்றிப் பார்த்தேன்; தவில் போலப் பதில் சொன்னது. இன்றிரவு நித்திரை வராது.

யூலை 9

பேஸ் கிற்றாரின் ஒலிப்பெட்டியை வழமையான இடத்தில், மேடையின் நடுவிலே வைத்து, தம்பியை ஒவ்வொரு சுரமாக மெதுவாக ஏறி வாசிக்கச் சொன்னேன். தடித்த தந்தியின் ஈ (E) சுரம், 41 ஹேர்ட்ஸ், தன் அளவில் நின்றது. எஃப், ஜி ஆகியவற்றிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஏ (A) வந்ததும் மேடை முழுவதும் வாய் திறந்தது. பலகையில் வைத்திருந்த கண்ணாடிக் குவளையின் பிளேன்ரீ, 55 ஹேர்ட்ஸ் என்ற அந்த ஒரு சுரத்துக்கு மட்டும், விளிம்பிலிருந்து நடுவரை வளையம் வளையமாக நடுங்கியது. தம்பி தந்தியை அமர்த்திய பின்பும் உடனே அடங்கவில்லை.

மிருதங்கத்தை அதன் இடத்தில் கிடத்திப் பார்த்தோம். எவருடைய கையும் படாமலே தொப்பி, அதாவது அதன் கனத்த ஒலி தரும் பக்கம், முனகியது, அந்த முனகலை மைக் அப்படியே வெளிப் பெட்டிகளுக்கு அனுப்பியது. மிருதங்கம் வாசிக்கும் பெரியவர் இந்த முறையும் வருகிறார்.

யூலை 10

இன்றும் அதே ஏ தான்.

யூலை 11

ஆளுக்கு ஆள் சொல்லும் வைத்தியம் பெட்டியை உயர்த்துவதுதான். உயர்த்தினேன். சோடாப் பெட்டிகளின் மேல் 1 அடி ஏற்றியதில் நன்மை இல்லாமலில்லை. முழங்காலுக்கு வாசித்துக்கொண்டிருந்த பெட்டி இப்போது காதுக்கு வாசித்தது, தம்பியும் தன் விரலின் தெளிவைக் கேட்டதும் யாரும் கேட்காமலே சத்தத்தைக் குறைத்தான். ஆனால் 30 பாகை வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர் ஓடுகிறது. அந்தக் கணக்கில் 55 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீற்றருக்கும் அதிகம். அந்த நீளத்துக்கு 1 அடி உயரம் ஒரு பொருட்டே அல்ல. சோடாப் பெட்டிகளும் அதே பிளைவூட்டில்தான் நிற்கின்றன.

போதாததற்கு ஒலியில் புதிதாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. தரையில் பட்டு வரும் ஒலி, நேரே வரும் ஒலியோடு முரண்பட்டு, நான் 2 மீற்றர் தள்ளி நிற்கும் இடத்தில் 240 ஹேர்ட்ஸ் அளவில் அதைத் தின்றுவிடுகிறது.

யூலை 12

இறப்பர் விரிப்பு ஒன்று வாங்கி வந்து பெட்டியின் கீழே போட்டேன். பணம் வீண். மெத்தென்ற பொருள் எதுவானாலும் அதிர்வைத் தடுக்கும் என்று நம்பியது என் பிழை. பாரத்தின் கீழ் அது எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் கேள்வி: 1 மில்லிமீற்றர் அமுங்கினால் பெட்டியும் மெத்தையும் சேர்ந்து 16 ஹேர்ட்ஸ் அளவில் ஆடும், 4 அமுங்கினால் 8, 9 அமுங்கினால் 5 சொச்சம். வாசிக்கும் சுரம் அந்த ஆட்டத்தின் எண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேலே போனால்தான் தடுப்பு தொடங்குகிறது. இந்த விரிப்பு நகத்தின் தடிப்புக்கூட அமுங்கவில்லை, 0.2 மில்லிமீற்றர் என்று வைத்தாலும் 35 ஹேர்ட்ஸ், தடுப்பு 50 இலேதான் ஆரம்பம். எனக்கு வேண்டியதோ 55.

யூலை 13

சங்கத்துப் பொடியன்கள் நால்வர் பெட்டியைத் தரையில் படாமல் தூக்கிப் பிடித்தார்கள். தம்பி ஏ வாசித்தான். பிளேன்ரீ ஏறக்குறைய அமைதியாயிற்று. தொப்பியின் முனகல் பாதியாகக் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. ஆகவே பாதி பலகை வழியாகவும் பாதி காற்று வழியாகவும் போகிறது. ஐந்து நாட்களில் நான் அறிந்த உருப்படியான விடயம் இது ஒன்றுதான். அதையும் கைநடுங்கப் பெட்டியைப் பிடித்திருந்த பொடியன்கள்தான் கண்டுபிடித்துத் தந்தார்கள்.

"அண்ணை, இது பெட்டியின்ரை பிழையோ, மேடையின்ரை பிழையோ?" என்று ஒருவன் கேட்டான். மேடையினுடையது என்று சொன்னேன். மேடை கட்டிய மேசன் அருகில் நின்றதை அப்போது கவனிக்கவில்லை.

யூலை 15

மோட்டார் சைக்கிள் ரியூப் இரண்டுக்கு அரைக்காற்று அடித்து, அவற்றின் மேல் பலகையும், பலகையின் மேல் பெட்டியும் வைத்தேன். 10 மில்லிமீற்றருக்கு மேல் அமுங்கிற்று. நான்கு பேர் தூக்கிப் பிடித்த அதே அமைதி. ஆனால் தம்பி கால் தட்டும்போதெல்லாம் பெட்டி பிள்ளைத்தாய்ச்சி போல அசைகிறது. சனம் ஏறி ஆடும் மேடையில் அது ஒருவரின் மேல் சரியுமானால்? வேண்டாம்.

ஆடிப்பிறப்பு

கூழ் குடித்துவிட்டு, மிஞ்சிய அரிசி மாவைச் சுண்டுப் பேணியில் அள்ளிக்கொண்டு மேடைக்குப் போனேன். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. 1787 இல் ஜேர்மன் நாட்டுக் கிளாட்னி தகட்டில் மணலைத் தூவி, வயலின் வில்லால் அதன் விளிம்பை இழுத்து, அசையாத கோடுகளைக் கண்டார் என்று படித்திருந்தேன். சோளகம் அள்ளிக்கொண்டு போகாதிருக்கப் படங்கால் மறைப்புக் கட்டி, மாவைத் தூவி, ஏ விட்டேன். மா தீராந்திகளுக்கு நடுவிலே குவிந்தது. அப்படியானால் அசையாத இடம் நடுப்பகுதியா? குதிக்கால் வேறு கதை சொன்னதே.

யூலை 18

மா ஏமாற்றிவிட்டது. மிக நுண்ணிய பொடி, அதிரும் இடத்தில் எழும் காற்றோட்டத்தில் அகப்பட்டு, அதிகம் ஆடும் இடத்திலேயே குவியும். இதை 1831 இல் பரடே விளக்கியிருக்கிறார். கடற்கரை மணலைக் காயவைத்துத் தூவியதும் எல்லாம் தலைகீழாயிற்று. தூண் நிற்கும் தீராந்தியின் மேல் மணல் கோடு கோடாக வந்து படுத்தது. நடுப்பகுதியில் ஒரு மணிகூட இல்லை. நான் பத்து வருடங்களாகப் பெட்டி வைக்கும் இடமும் அதே நடுப்பகுதிதான்.

யூலை 19

நடுத் தீராந்திகளுக்குக் கீழே பனங்குற்றியால் முட்டுக் கொடுத்தோம். ஏ அடங்கியது. அரை மணித்தியாலம் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தோம். பிறகு தம்பி டீ தந்தியைத் தட்டினான். 73 ஹேர்ட்ஸில் மேடை மறுபடியும் எழுந்தது. குறட்டை விடுபவரைத் திருப்பிப் படுக்க வைத்தது போலத்தான். விறைப்பைக் கூட்டினால் அதிர்வு இடம் மாறுமேயொழிய அழியாது. அதை அழிக்கப் பாரமும் உராய்வும் வேண்டும்.

யூலை 20

மணல் மூட்டைகள் பன்னிரண்டு.

யூலை 21

மூட்டைகளைத் தீராந்திகளுக்கு இடையில், பிளைவூட்டோடு ஒட்டி நிற்கும்படி, கீழிருந்து முட்டுப் பலகைகளில் ஏற்றினோம். டீ மந்தமாகிவிட்டது. அது போதாதென்று, மேடையின் பின்விளிம்புக்கு அப்பால், நிலத்திலிருந்து சீமெந்துக் கற்களை அடுக்கி, மேடை மட்டத்துக்கு ஒரு தூண் எழுப்பி, அதன் மேல் பேஸ் பெட்டியை வைத்தேன். தூணுக்கும் மேடைக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பெட்டி மேடையில் இல்லை, மேடை பெட்டியை அறியாது.

பரிபாலன சபையினருக்குத் தூணின் தோற்றம் பிடிக்கவில்லை. வெள்ளைச் சேலை கட்டி மறைப்பதாகச் சொன்னேன். சேலை இரண்டையும் தொடாமல் தொங்க வேண்டும்.

யூலை 22

காற்று வழியாக வரும் மிச்சத்துக்கு, மேடை அம்பிளிபயரில் மட்டும் 55 ஐயும் 73 ஐயும் ஒடுக்கமாகச் சற்றே வெட்டினேன். வெளிப் பெட்டிகளுக்கு டிஐ (கிற்றாரின் ஒலியை நேரே ஒலிக்கலவைக்கு அனுப்பும் சிறு பெட்டி) வழியே தனியாகப் போவதால் சனம் எதையும் இழக்காது. மிருதங்க மைக்கில் 60 ஹேர்ட்ஸுக்குக் கீழே வடித்துவிட்டேன். தொப்பியின் கனம் குறைந்துவிடுமோ என்ற பயம் இருக்கிறது. பெரியவர் கண்டுபிடித்துவிடுவார்.

யூலை 23

பிளேன்ரீ ஆடவில்லை. மூன்று தரம் பார்த்தேன்.

யூலை 24

பெரியவர் மாலை 4 மணிக்கே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றி, மேடையில் ஏறி, நடுப்பகுதியில் நின்று, ஒன்றும் பேசாமல் குதிக்காலை ஊன்றினார். பிறகு மிருதங்க உறையை அவிழ்த்து, தொப்பிக்கு ரவை பூசத் தொடங்கியிருக்கிறார். தம்பி கிற்றாரைச் சுருதி சேர்க்கிறான்; ஈ முடிந்துவிட்டது, இனி