வாஷிங் மெஷின் போட்டால் ஆர்சிசிபி விழுகிறதா? எந்த நிமிடத்தில் விழுகிறது என்று கவனியுங்கள்

மெஷினைப் போட்டதும் வீடே இருட்டாகிவிட்டால், முதலில் டிபி பாக்ஸில் (வீட்டுக்குள் வரும் மின்சாரம் பிரியும் ஸ்விட்ச் பெட்டி) எது விழுந்திருக்கிறது என்று பாருங்கள். எம்சிபி விழுந்திருந்தால் ஷார்ட் அல்லது ஓவர்லோடு. டெஸ்ட் பட்டன் வைத்த ஆர்சிசிபி விழுந்திருந்தால் எங்கேயோ கரண்ட் கசிகிறது. இந்தப் பதிவு இரண்டாவதைப் பற்றியது.

ஃபேஸில் போன கரண்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று ஆர்சிசிபி விடாமல் கணக்குப் பார்க்கிறது. வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 30 மில்லிஆம்பியர் வகை. 15-ஐத் தாண்டிய பிறகு 30-க்குள் எந்த இடத்திலும் அது விழலாம். 230 வோல்ட்டில் 30 மில்லிஆம்பியர் கசிய, மின்கம்பிக்கும் எர்த்துக்கும் நடுவே சுமார் 7,700 ஓம் இருந்தாலே போதும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இன்னும் கடுமை: அங்கே பாதுகாப்பு சாக்கெட்டிலேயே இருக்கிறது, 4 முதல் 6 மில்லிஆம்பியரிலேயே விழுந்துவிடும்.

இந்தத் தொந்தரவுக்குச் சிலர் சொல்லும் வைத்தியம் எர்த் வயரைக் கழற்றிவிடுவது. தயவுசெய்து செய்யாதீர்கள். எர்த் வழி போய்க்கொண்டிருந்த அதே கரண்ட் மெஷினின் பாடியிலேயே நிற்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு யார் தொட்டாலும் அவர் உடம்பு வழியாக இறங்கும். ஆர்சிசிபியை பைபாஸ் செய்வதும் அதே அளவு ஆபத்து.

இனி கண்டுபிடிக்கும் வேலை. ஃப்ரண்ட் லோட் மெஷின் என்றால், எந்தக் கட்டத்தில் விழுகிறது என்பதே பாதி விடை. ப்ளக்கைச் செருகி ஸ்விட்ச் போட்ட கணமே விழுந்தால் பவர் கார்டு அல்லது கார்டு உள்ளே நுழையும் இடத்தில் இருக்கும் நாய்ஸ் ஃபில்டர். தண்ணீர் ஏறும்போது என்றால் இன்லெட் வால்வின் கம்பிச் சுருள் (coil), அல்லது ஹோஸிலிருந்து ஒயரிங் மேல் சொட்டும் தண்ணீர். தண்ணீர் வெளியேறும்போது என்றால் டிரெயின் பம்ப். வேகமாகச் சுற்றும்போது என்றால் மோட்டார்: டப் சீல் போய் பேரிங் வழியாக ஒழுகும் தண்ணீர் அதன்மேல் விழுந்திருக்கும், அல்லது பழைய மாடல்களில் கார்பன் பிரஷ் தேய்ந்த கருப்புத் தூள் உள்ளே படிந்திருக்கும். தண்ணீர் ஏறி முடிந்து, சூடாக ஆரம்பிக்கும் நேரத்தில் விழுந்தால் ஹீட்டர்.

நான் முதலில் சந்தேகப்படுவது ஹீட்டரைத்தான், அதிலும் போர் தண்ணீர் வீடுகளில். ஸ்டீல் குழாய்க்குள் நிக்ரோம் கம்பி, அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள்: இவ்வளவுதான் ஹீட்டர். உப்புத் தண்ணீரில் குழாய்மேல் வெள்ளைப் படிவம் ஏறும். சூடு வெளியேற வழியில்லாமல் குழாய் அரித்து, வளைவுப் பக்கம் ஊசி முனை அளவில் ஒரு கருப்புப் புள்ளி விழும். அதன் வழியே ஈரம் தூளுக்குள் இறங்கினால் இன்சுலேஷன் போயிற்று. இதில் கம்பி அறுந்திருக்காது. மல்டிமீட்டரில் 2000 வாட் ஹீட்டரின் இரு முனைகளுக்கு நடுவே 26 ஓம் வாக்கில் அழகாகக் காட்டும். அதைப் பார்த்து “ஹீட்டர் நல்லா இருக்கு” என்று மூடிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. பார்க்க வேண்டியது ஒரு முனைக்கும் ஹீட்டரின் உலோகப் பாடிக்கும் நடுவே.

ப்ளக்கைக் கழற்றி, மெஷினின் சர்க்யூட் போர்டில் இருக்கும் கபாசிட்டர்களின் சார்ஜ் இறங்கப் பத்து நிமிடம் விட்டுப் பின்பக்க மூடியைத் திறங்கள். சில மாடல்களில் ஹீட்டர் முன்பக்கம் இருக்கும். ஒயர்கள் எந்த இடத்தில் என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஹீட்டரின் இரண்டு ஒயரையும் கழற்றுங்கள். ஒன்றை மட்டும் கழற்றினால் சோதனை பொய்க்கும். மீட்டரை மெகாஓம் ரேஞ்சில் வைத்து அளந்தால் எதுவும் காட்டக்கூடாது. கிலோஓமில் ஒரு எண் வந்தால் ஹீட்டர் போய்விட்டது. எண் வராவிட்டாலும் நம்பிவிட முடியாது, ஏனென்றால் மீட்டர் கொடுப்பது சில வோல்ட்தான். 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) உள்ள எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்தால் உண்மை தெரியும். மெக்கர் இல்லையா? கழற்றிய இரண்டு ஒயர் முனைகளையும் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றி ஒதுக்கி, மூடியைப் போட்டுவிட்டு, குளிர்ந்த தண்ணீர் புரோகிராமில் ஓட்டுங்கள். முழுதாக ஓடி முடிந்தால் குற்றவாளி ஹீட்டர்தான்.

குழப்பும் சங்கதி ஒன்று உண்டு. சுவரில் ஸ்விட்சை அணைத்த பிறகும், பிரிட்ஜோ ஏசியோ ஓடும்போது ஆர்சிசிபி விழும். சுவர் ஸ்விட்ச் ஃபேஸை மட்டுமே வெட்டுகிறது. நியூட்ரல் மெஷினோடு இணைந்தே இருக்கிறது. மெஷினுக்குள் நியூட்ரல் எர்த்தைத் தொட்டால், மற்றச் சாதனங்களின் கரண்டில் ஒரு பங்கு அந்த வழியே நழுவிவிடும். அதனால் சோதிக்கும்போது ப்ளக்கையே உருவிவிடுங்கள்.

செமி ஆட்டோமேட்டிக்கில் ஹீட்டர் கிடையாது. அதைச் சாய்த்து அடியில் டார்ச் அடித்தால் பெரும்பாலும் விஷயம் தெரிந்துவிடும்: எலி கடித்த ஒயர், அல்லது ஸ்பின் பக்க சீல் ஒழுகி நனைந்த மோட்டார்.

மெஷினில் எதுவுமே அகப்படவில்லையா? அதே சாக்கெட்டில் நல்ல அயர்ன் பாக்ஸ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் விழுந்தால் கோளாறு வீட்டு ஒயரிங்கில். புதிதாக லைன் இழுக்கும்போதோ இன்வெர்ட்டர் மாட்டும்போதோ இந்த லைனின் நியூட்ரலை வேறொன்றின் நியூட்ரலோடு சேர்த்துக் கட்டியிருப்பார்கள். அது எலக்ட்ரீஷியன் வேலை.

புது ஹீட்டரை அதே வாட்டில், அதே நீளத்தில் வாங்குங்கள். நடு நட்டைத் தளர்த்தி போல்ட்டை உள்ளே தள்ளினால்தான் ரப்பர் சுருங்கிப் பழையது வெளியே வரும். உட்கார்ந்திருந்த ஓட்டையைத் துடைத்து, புது ரப்பரில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் தடவி, ஹீட்டரின் நுனி டப்புக்குள் இருக்கும் கிளிப்பில் மாட்டும்படி செருகுங்கள். நட்டை முறுக்கினால் ரப்பர் உப்பி அடைத்துக்கொள்ளும். எர்த் ஒயரை மறக்காமல் அதன் இடத்தில் மாட்டுங்கள். பிறகு துணியில்லாமல் 60 டிகிரியில் ஒரு முறை ஓட்டி, மெஷினை அணைத்து ப்ளக்கை உருவிவிட்டு, ரப்பரைச் சுற்றி விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால் நட்டை இன்னும் கால் சுற்று.