‘எதிலிருந்து எதற்கு?’: கொள்கைக் குறிப்புத் தேர்வில் நான் விழுந்த இடம்

போன வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. தேறிவிட்டேன், இரண்டாவது முறையில். முதல் முறை விழுந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை, அதனால் கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும்.

பொதுக் கொள்கை முதுகலை படிப்பவர்களுக்குத் தெரியும்: ஓர் ஆய்வை வைத்து அரசுக்குப் பரிந்துரைக்கும் இரண்டு பக்கக் குறிப்பு, பத்து நிமிடப் பேச்சு, எதிரே அதிகாரிகளாக நடிக்கும் மூவர். சர்க்கரைப் பானமும் நீரிழிவும் பற்றிய ஓர் ஆய்வை எடுத்துப் போனேன். முதல் வரியே “ஆபத்து இருமடங்காகிறது”. ஓரத்தில் இருந்த அம்மையார் பேனாவை மூடி வைத்துவிட்டு, “எதிலிருந்து எதற்கு?” என்றார். அடிப்படை எண் என்னிடம் இல்லை. கட்டுரையின் மூன்றாம் அட்டவணையில் இருந்தது. நான் கட்டுரைச் சுருக்கத்தைப் படித்ததோடு நின்றிருந்தேன். ஏசிக் குளிரிலும் வியர்த்தது.

அப்புறம்தான் 1995இல் பிரிட்டனில் நடந்ததைப் படித்தேன். மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரை ரத்தக்கட்டி ஆபத்தை இருமடங்காக்கும் என்று எச்சரிக்கை வந்தது. பொய் இல்லை. ஏறக்குறைய 7,000 பெண்களில் ஒருவர் என்பது இருவர் ஆனது, அவ்வளவே. பயந்து பலர் மாத்திரையை நிறுத்த, அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 13,000 கருக்கலைப்புகள் கூடியதாகக் கணக்கிட்டார்கள். என் வாக்கியமும் அதே வாக்கியம்.

கற்ற மற்ற பாடங்கள் சுருக்கமாக:

- ‘ஆயிரம் பேரில் எத்தனை பேர்’ முதலில். விழுக்காடு பிறகு.
- நடப்பில் உள்ளதைப் பரிந்துரைக்காதீர்கள். பபிள் டீக்கும் நியூட்ரி-கிரேட் (பானத்தின் சர்க்கரை, நிறைவுற்ற கொழுப்பு அளவைப் பார்த்து சிங்கப்பூரில் தரும் ஏ முதல் டி வரையிலான தரக்குறி) வேண்டும் என்று எழுதிவிட்டேன். கடையில் கலந்து தரும் பானங்களுக்கு அது 2023 டிசம்பர் 30 முதலே இருக்கிறது. சிரித்தார்கள்.
- ஆய்வு சொல்வது ஒரு பத்தி, நீங்கள் விரும்புவது வேறு பத்தி.
- ஆய்வுக்குப் பணம் தந்தது யார் என்பதைக் கேட்கும் முன்பே சொல்லுங்கள்.

குழுவாகப் பயிற்சி எடு என்பார்கள். எனக்குக் கூட்டம் ஒத்துவராது. எங்கள் புளோக் கீழ்த்தளத்துக் கல்மேசையில் அம்மாவை உட்கார வைத்துப் பேசிப் பார்த்தேன். அவர் கையில், கடையில் பையில் கட்டி வாங்கிய பாண்டுங், அதாவது இனிப்பான ரோஜாப் பால். “சரிம்மா, இதை நான் குடிக்கலாமா கூடாதா?”

“அதை இந்த ஆய்வு சொல்லலைம்மா.”

இரண்டாம் முறைத் தேர்விலும் அதே கேள்வி வேறு உடையில் வந்தது: “அப்படியானால் தடை போடலாமா?” இது மக்களிடம் கேட்டறிந்த ஆய்வு, தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை அல்ல, தடைக்கு இது தாங்காது, சின்ன அளவில் சோதித்துப் பார்க்கத் தாங்கும் என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் எண்கள் கையில் இருந்தன.

எனக்குக் கிடைத்தது ‘பி’ தரம். ‘டி’ இல்லையே, போதும்.