வாய்மொழி வரலாறு ப்ராஜெக்ட்: மார்க் எங்கே போகிறது?

எம்.ஏ. வரலாறு கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்துவிட்டது. வாய்மொழி வரலாறு (மக்களைப் பேட்டி எடுத்து, அவர்கள் நினைவிலிருந்து வரலாறு எழுதுவது) எடுத்தவர்கள் வயிறெரிவதில் நியாயம் இருக்கிறது. ஊர் ஊராக அலைந்து பேட்டி குவித்து, தலையணை கனத்துக்கு பைண்ட் பண்ணியவர்களுக்கு மார்க் குறைவு. இரண்டே பேட்டியோடு வைவாவில் (நேர்முகத் தேர்வில்) உட்கார்ந்தவர்களுக்கு அதிகம். எக்ஸ்டர்னலை, அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளரைத் திட்டி முடித்தவர்கள் மேலே படிக்கலாம். அடுத்த பேட்சுக்கும், அவர்களுக்கு வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்கும் இது.

சேகரிப்பில் யாருக்கும் மார்க் போகவில்லை. 'பகுப்பாய்வு' இயலில் கதைச்சுருக்கம் எழுதிவைத்ததில்தான் போனது. அதற்கும் மூலகாரணம் ஒன்றே: பேட்டியை எழுத்தாக்கும்போது கேள்விகளை அழித்துவிடுகிறார்கள். கேள்வி போனால் பதில் வானத்திலிருந்து விழுந்த வாக்குமூலம் ஆகிவிடும். பிறகு அதை நம்பலாம், நம்பாமலும் விடலாம், ஆராய முடியாது.

உதாரணத்துக்கு ஒன்றைக் கற்பனை செய்வோம். ஆய்வேட்டில் இப்படி இருக்கிறது: "பண்ணையார் வீட்டில் குறையே வைத்ததில்லை. தீபாவளிக்குத் துணி உண்டு." முடிவு என்ன எழுதுவார்கள்? பண்ணை உறவு சுமுகமாக இருந்தது என்று. ஆடியோவில் இருந்தது இது:

கே: அந்தக் காலத்துல பண்ணையாருங்க நல்லா பாத்துக்கிட்டாங்களாமே பாட்டி?
ப: (6 நொடி மௌனம்) ம்... குறையே வெச்சதில்லப்பா. தீவாளிக்குத் துணி உண்டு. (சிரிப்பு) நீ யாரு வூட்டுப் புள்ள?

கேள்வியே பதிலை ஊட்டிவிட்டது. மௌனமும் சிரிப்பும் பதிலோடு ஒட்டவில்லை. கடைசி வரிதான் உயிர்நாடி: கேட்கிறவன் எந்தத் தெரு, எந்தச் சாதி, பண்ணை வீட்டுக்கு உறவா என்று பாட்டி எடைபோடுகிறார். 'தலைப்புக்குச் சம்பந்தமில்லை' என்று மாணவர்கள் முதலில் வெட்டுவது அந்த வரியைத்தான்.

இதை வகுப்பில் புரியவைக்க அமெரிக்காவிலிருந்து ஒரு ஜோடிப் பேட்டி கைவசம் உண்டு. 1936 முதல் 1938 வரை, அரசின் எழுத்தாளர் திட்டத்தில் முன்னாள் அடிமைகள் 2,300-க்கும் மேற்பட்டவர்களின் வாழ்க்கை பதிவானது. அந்தத் தொகுப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் சவுத் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரில் 1937-ல் ஒரே மூதாட்டியை இரண்டு பேர் பேட்டி எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் அவர் பெயர் சூசன் ஹாம்லின், மற்றதில் சூசன் ஹாமில்டன். ஒன்றில் எஜமானர் நல்லவர், அவர் மனைவி வீட்டாரும் பெரிய மனிதர்கள். மற்றதில் சாட்டையடி, குடும்பத்தைப் பிரித்து விற்கும்போது எழுந்த அலறல்.

முதல் பேட்டி எடுத்த ஜெஸ்ஸி பட்லர் வெள்ளைக்காரப் பெண். மூதாட்டி அவரை உதவித்தொகை அலுவலகத்து ஆள் என்று நினைத்துக்கொண்டார். தான் அதைத் திருத்தவில்லை என்று பட்லரே எழுதிவைத்திருக்கிறார். இரண்டாவதை எடுத்த அகஸ்டஸ் லாட்சன் கறுப்பினத்தவர். அவரை மூதாட்டி 'மகனே' என்று கூப்பிடுகிறார்.

நடத்தும் முறை: இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பக்கம் தமிழில் கொடுங்கள். பேட்டி எடுத்தவர் யார் என்பதை மறைத்துவிடுங்கள். எது உண்மை என்று இருபது நிமிடம் அடித்துக்கொள்ளட்டும். அதன்பிறகு ஆளைச் சொல்லுங்கள். வரிசை மாறினால் பாடம் படுத்துவிடும். முதலிலேயே சொல்லிவிட்டால் 'வெள்ளைக்காரியிடம் பொய், கறுப்பரிடம் உண்மை' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பட்லர் பேட்டியும் ஆதாரம்தான். உதவித்தொகைக்கு ஏங்கும் முதுமை 1937-ல் என்ன பேசும், எதை விழுங்கும் என்பதற்கு அது ஆதாரம்.

இனி எழுத்தாக்கம். ஒரு மணி நேர ஆடியோவுக்கு ஆறு மணி நேரமாவது ஆகும். வட்டார வழக்கும் பின்னால் டிவி சத்தமும் இருந்தால் இன்னும் கூடும். ஆகவே ஆளுக்குப் பத்து நிமிடப் பகுதி மட்டும் கொடுப்பது நல்லது. முதல் தடவை பேனா இல்லாமல் கேட்கட்டும். அடுத்து நேரக்குறிப்போடு பொருளடக்கம், மூன்றாவதாகத்தான் சொல்லுக்குச் சொல். பேச்சை எழுத்துத்தமிழாகத் திருத்தவே கூடாது. நடுவில் மகன் குறுக்கிட்டு "அம்மாவுக்கு ஞாபகம் இல்ல" என்றால் அதுவும் ஏற வேண்டும்.

அடுத்து மூன்று நிறப் பென்சில். தானே கண்டது நீலம், பிறர் சொல்லிக் கேட்டது பச்சை, இன்றைய அபிப்பிராயம் சிவப்பு. எண்பது வயதுப் பாட்டி தாது வருஷப் பஞ்சத்தை நேரில் பார்த்ததுபோலவே சொல்வார். அது 1876–78, பச்சைதான் போட வேண்டும். தாது 1936-லும் 1996-லும் திரும்ப வந்திருக்கிறது என்பதால், வருஷப் பெயரை மட்டும் நம்பித் தேதி போட்டால் அறுபது வருடம் சறுக்கும்.

தேதியை நேராகக் கேட்டால் வராது. "தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலயா?" (1964 டிசம்பர்), "அண்ணா செத்தப்போ கல்யாணம் ஆயிடுச்சா?" (1969 பிப்ரவரி) என்று முளையடித்துக் கேட்க வேண்டும். பள்ளிக்கூடச் சாப்பாட்டில் மட்டும் உஷார்: காமராஜர் கால மதிய உணவையும் 1982-ன் சத்துணவையும் பலர் ஒரே பெயரில் சொல்வார்கள்.

வைவாவில் நிச்சயம் வரும் கேள்வி: "ஞாபகம் தப்பாக இருந்தால் உன் ஆய்வே போச்சே?" இதற்கு இத்தாலியின் தெர்னி நகரம் கைகொடுக்கும். லூயிஜி த்ராஸ்துல்லி என்ற உருக்காலைத் தொழிலாளி 1949 மார்ச் 17 அன்று, நேட்டோ ராணுவக் கூட்டணியில் இத்தாலி சேருவதை எதிர்த்த போராட்டத்தில் போலீசால் கொல்லப்பட்டார். தொழிலாளர்களில் பலர் அதை 1953 ஆட்குறைப்புப் போராட்டத்தில் நடந்ததாகவே நினைவு வைத்திருந்தார்கள். இத்தாலிய வாய்மொழி வரலாற்றாய்வாளர் அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி அந்தத் தப்பை ஒதுக்காமல், மரணம் ஏன் நான்கு வருடம் நகர்ந்தது என்று கேட்டார். வேலை பறிபோன பெரிய அடியோடு அந்தச் சாவைச் சேர்த்தால்தான் அவர்களுக்கு அதற்கு ஓர் அர்த்தம் கிடைத்தது. இதைச் சொல்லிவிட்டு உடனே உங்கள் பேட்டியிலிருந்தே ஒரு தப்பான தேதியைக் காட்டி விளக்குங்கள். தெர்னியோடு நிறுத்தினால் மனப்பாடம் என்று தெரிந்துவிடும்.

மார்க் போகும் மற்ற இடங்கள்:

- ஒருவர் சொன்னதை 'மக்கள் கருதினர்' என்று எழுதுவது.
- படி, மரக்கால் கூலியைக் கிலோவாக மாற்றுவது. அளவு ஊருக்கு ஊர் வேறு; எந்த ஊர்ப் படி என்று கேட்டு அப்படியே எழுதுங்கள்.
- சரிபார்ப்புக்குச் செய்தித்தாள் மட்டும் பார்ப்பது. கூலிக்காரர் வாழ்க்கை அதில் வராது. பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, அடங்கல் (கிராமத்து நில, சாகுபடிக் கணக்கு), பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை பாருங்கள்.
- பேட்டி எடுத்தவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது. ஊர், வயது, சாதி, யார் அழைத்துப்போனார், பேட்டியின்போது அறையில் யார் யார்: அரைப் பக்கம் போதும்.
- சம்மதக் கடிதம் இல்லாதது. எழுதத் தெரியாதவரிடம் ஆடியோவிலேயே சம்மதம் வாங்கலாம். உயிரோடிருப்பவர் மீது குற்றச்சாட்டு வந்தால் பெயரை மாற்றுங்கள், மாற்றியதைக் குறிப்பிடுங்கள்.

வைவா அன்று ஆடியோவைப் போனில் தயாராக வைத்திருங்கள். நேரக்குறிப்பு கையில் இருந்தால், "எங்கே அப்படிச் சொன்னார்?" என்று எக்ஸ்டர்னல் கேட்கும்போது அந்த நிமிடத்தை அப்படியே ஓடவிடலாம். கேள்வியிலிருந்து ஓடவிடுங்கள், பதிலிலிருந்து அல்ல.